பாதிப் பேச்சு

என் தம்பி குவைத்தில் உட்கார்ந்துகொண்டு பேசினான். அதற்கு மன்னிப்பு என்னைக் கேட்கச் சொன்னார்கள். ஒருவர் பேசியதற்கு இன்னொருவர் கைகூப்ப வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறதோ, எனக்குத் தெரியாது. நான் ஏழாவது வரைக்கும் படித்தவள். டிவியில் பேச்சு சுதந்திரம், பேச்சு சுதந்திரம் என்று தொண்டை கிழியக் கத்துகிறவர்களுக்கும் அது தெரிந்த மாதிரி இல்லை.

திருச்சானூரில் கோயில் குளத்துக்குப் போகிற வழியில் எனக்கு ஒரு கடை. கடை என்றால் சுவரும் கூரையும் கிடையாது. ஒரு பலகை, மேலே நீலத் தார்ப்பாய், பலகை மேல் மஞ்சள், குங்குமம், கண்ணாடி வளையல். என் மாமியார் உட்கார்ந்த இடம், அவருக்குப் பிறகு நான். அந்த இடம் எங்களுடையது என்று சொல்ல ஒரு துண்டுக் காகிதம் இல்லை. வார்டில் கட்சி வேலை பார்க்கிறவர் "இருக்கட்டும்" என்றால் இருக்கும். "எடு" என்றால் வேன் வந்து பலகையை ஏற்றிக்கொண்டு போய்விடும். என் புருஷன் பஸ் ஸ்டாண்டுக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். வீட்டில் அடுப்பு எரிவது பாதி அந்த ஆட்டோவால், பாதி இந்தப் பலகையால். அதனால் பயம் என்பது எனக்குத் தினப்படி வேலை. ஆட்டோ கொஞ்சம் தாமதமானால் மனசு ஆஸ்பத்திரி வரைக்கும் போய்விட்டுத்தான் திரும்பும். வேன் சத்தம் கேட்டால் கை தானாக வளையல் பெட்டி மேல் போகும்.

பிறந்த ஊர் பாலசமுத்திரம் பக்கம், ஆந்திராவில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி. ஊரின் கடைசியில் எங்கள் காலனி. நைனா, எங்கள் அப்பா, கூலி வேலை செய்து, பிறகு கொஞ்சம் நிலம் கைக்கு வந்து, அதில் நிலக்கடலை போட்டவர். நானும் தம்பியும் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தமிழில் படித்தோம். எட்டாவது தெலுங்கில்தான் என்றார்கள். நான் நின்றுவிட்டேன். தெலுங்கில் பேசுவேன், பேரம் பேசுவேன், சண்டையும் போடுவேன். படிக்கச் சொன்னால் பஸ் போர்டோடு சரி. தம்பி கொஞ்சம் தூரம் முட்டி மோதிப் படித்து, டிரைவிங் கற்றுக்கொண்டு, ஊரில் பாதி ஆண்கள் போன வழியே குவைத்துக்குப் போனான். ஓர் அரபி வீட்டில் டிரைவர். அந்த வீட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, மணி அடிக்கும்வரை வண்டியில் ஏசி போட்டுக் காத்திருக்க வேண்டும். அங்கேதான் அவன் கெட்டான். அங்கேதான் அவன் பேசக் கற்றுக்கொண்டான் என்றும் சொல்லலாம். இரண்டில் எது சரி என்று இன்றைக்கும் எனக்கு முடிவாகவில்லை.

முதலில் ஊர்க் குரூப்பில் கருத்துச் சொன்னான். பிறகு சீட் பெல்ட்டைக்கூடக் கழற்றாமல் ஃபோனை முன்னால் மாட்டிக்கொண்டு லைவில் வர ஆரம்பித்தான். சாலை சரியில்லை, பஸ் வரவில்லை, வேலை இல்லை. எல்லாம் உண்மைதான். ஊரில் இருக்கிறவன் சொல்ல முடியாததை அவன் சொன்னான். காலனிப் பையன்கள் ஃபோனைத் தூக்கிக்கொண்டு திரிந்தார்கள். நைனாகூட ஒருமுறை, "நம்ம புள்ள இன்னாம்மா பேசறான், வக்கீலு மாதிரி" என்று சிரித்தார். நான் மட்டும் ஒவ்வொரு வீடியோவையும் பாதியிலேயே நிறுத்திவிடுவேன்.

அந்த வெயில் காலத்தில் காலனி போர்வெல் வற்றியது. பஞ்சாயத்துத் தண்ணீர் டேங்கர் எங்கள் தெருவுக்கு வர வேண்டும். வரவில்லை. பெரிய மாந்தோப்பு வைத்திருக்கிற ஒருவர் அங்கே கட்சித் தலைவர். பங்காருபாளையம் மண்டிக்குப் போகிற லோடுகளில் அவருடையதும் உண்டு. டேங்கர் அவர் தோப்புக்குள் நுழைந்து காலியாக வெளியே வருவதைக் காலனியே பார்த்தது. யாரும் வாய் திறக்கவில்லை. நைனா சைக்கிளில் குடம் கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குத் தண்ணீருக்குப் போனார். தம்பி பேசினான்.

முதல் பாதி முழுக்கத் தெலுங்கு. "காரு" போட்டு, மரியாதையாக, டேங்கர் எப்போது வர வேண்டும், எங்கே போகிறது என்று அழகாகச் சொன்னான். அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை. பிறகு முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, யாரோ சொந்தக்காரன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பது போல, தமிழில் சொன்னான்: "வெள்ள சட்ட மாட்டிக்கினு திரியற எரும. ஊரு தண்ணியெல்லாம் குடிச்சிட்டு ஏப்பம் வுடுது."

இது எங்கள் பக்கத்து ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. எங்களுக்குத் தெலுங்கு வெளியே பேச, தமிழ் வீட்டுக்குள் பேச. ஆபீசில் நிற்கும்போது கோதாவரிப் பக்கத்திலிருந்து வந்த, தமிழ் தெரியாத அதிகாரி எதையாவது சொல்வார். "சரேனண்டி" என்று தலையாட்டுவோம். அப்புறம் அதே சிரிப்பு மாறாமல் பக்கத்தில் நிற்கிறவனிடம் தமிழில் அந்த அதிகாரியைக் கிழிப்போம். அவர் நாங்கள் ஏதோ நன்றி சொல்வதாக நினைப்பார். வாய் திறக்க முடியாத ஜனங்களுக்கு அது ஒன்றுதான் ஆறுதல். என் தம்பி ஃபோன் முன்னால் அதையே செய்தான். ஃபோன் கோதாவரி அதிகாரி இல்லையே. அந்தத் தலைவரும் வெளியூர்க்காரர் இல்லை. அவர் அம்மா பிறந்த வீடு குடியாத்தம் பக்கம். எருமை என்ற சொல் அவருக்கு நன்றாகவே புரியும்.

அடுத்த நாள் தண்ணீரைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை. எருமையைப் பற்றித்தான் பேச்சு. எதிர்க்கட்சிப் பையன்கள் எருமைக்கு வெள்ளைச் சட்டை போட்ட படம் செய்தார்கள், பாட்டுப் போட்டு ஆட விட்டார்கள். தெலுங்கில் மரியாதையாகப் பேசிய பகுதி எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. தலைவரின் ஆட்கள் குவைத்துக்குப் போய் அவன் கழுத்தைப் பிடிக்க முடியாது. தேடினார்கள். என் கடை கிடைத்தது.

கடையின் முன்னால் பணம் அனுப்புகிற ஸ்கேனர் அட்டை மாட்டியிருக்கிறேன், எல்லாரும் மாட்டுவதுதான். யாரோ அதைப் படம் எடுத்து, எருமை என்று பேசியவனின் அக்கா இவள்தான் என்று குரூப்பில் போட்டுவிட்டார்கள். அன்றைக்குக் காலையிலிருந்து கடையின் சின்ன ஸ்பீக்கர் பெட்டி கூவ ஆரம்பித்தது. ஒரு ரூபாய் வந்தது. ஒரு ரூபாய் வந்தது. ஒரு ரூபாய் வந்தது. எதிரில் ஆள் இல்லை, வாங்கினவர் இல்லை. பயந்துபோய் ஃபோனைத் திறந்தால் ஒவ்வொரு ரூபாய்க்கும் கீழே தெலுங்கில் ஏதோ எழுதியிருந்தது. பக்கத்துக் கடைத் தேங்காய்க்கார அம்மாவிடம் ஃபோனை நீட்டி, "இன்னா எழுதிகீறாங்க, படிம்மா" என்றேன். அந்த அம்மா தெலுங்குக்காரர், என்னைவிட மூத்தவர். இரண்டு வரி படித்தார். மூன்றாவதில் ஃபோனைக் கவிழ்த்து என் மடியில் வைத்தார்.

"வத்தம்மா" என்றார். வேண்டாம் என்று. "அடக்கொத்து." கேட்காதே என்று.

கேட்காமலே புரிந்தது. பொம்பளையைத் திட்ட எல்லா மொழியிலும் நாலு சொல்தானே இருக்கிறது. மஞ்சள் வாங்க வந்த ஜனம் நடுவில் அந்தப் பெட்டி ஒரு ரூபாய், ஒரு ரூபாய் என்று கூவக் கூவ, ஒவ்வொரு முறையும் யாரோ என்னை நடு ரோட்டில் கைநீட்டிக் கூப்பிடுவது மாதிரி இருந்தது. பெட்டியைப் பிடுங்கிப் பலகைக்கு அடியில் இருந்த பழைய சேலை மூட்டைக்குள் திணித்தேன். துணிக்குள்ளிருந்தும் கூவியது. முகம் தெரியாதவன் ஒரு ரூபாய் செலவழித்து என்னைத் திட்டினான். அவனுக்கு அது பேச்சு சுதந்திரம்.

சாயங்காலம் வார்டுக்காரர் வந்தார், அந்தத் தலைவரின் கட்சிதான். கூட இரண்டு பையன்கள். கெட்டவர் என்று சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமைகளில் தன் அம்மாவுக்கு என்னிடம்தான் குங்குமம் வாங்குவார். நான் எங்கள் ஊரில் இருந்த காலத்துக் கட்சி ஆட்களைப் போல மிரட்டவெல்லாம் இல்லை.

"ஏமி லேதக்கா, ஒண்ணுமே இல்ல" என்றார். "ஒரு சின்ன வீடியோ. கை ரெண்டும் கூப்பி, என் தம்பி தெரியாம பேசிட்டான், பெரியவரு எங்களுக்கு சாமி மாதிரி, மன்னிச்சிடுங்கன்னு சொல்லு. அந்தே. முடிஞ்சது."

"நான் எதுவும் பேசலியேண்ணா."

"அது எனக்குத் தெரியாதா? மேல இருந்து ஃபோனு மேல ஃபோனு. நான் இன்னா பண்ணட்டும்? வெள்ளிக்கிழமைக்குள்ள வீடியோ வரலைன்னா ரோடு க்ளியர் பண்றவங்க வருவாங்க. நான் அடக்கி வெச்சாலும் நிக்க மாட்டாங்க." கொஞ்சம் யோசித்து, "அழுகை வந்தா அடக்காதக்கா. அழுதா இன்னும் பாக, நல்லா இருக்கும்" என்றார்.

சினிமாவுக்கு ஆள் எடுக்கிற மாதிரி.

அடுத்த நாள் மத்தியானம் வேறொருவர் வந்தார். எதிர்க்கட்சி. செருப்பைக் கழற்றிவிட்டுப் பலகை முன்னால் குந்தி உட்கார்ந்தார். "மன்னிப்பு கேக்காதம்மா. உன்ன மிரட்டனாங்கன்னு எங்ககிட்ட ஒரு வீடியோ குடு. ஏழைப் பொம்பளைய மிரட்டறாங்கன்னு நாங்க பாத்துக்கறோம். லேசா கண்ணு கலங்கினா போதும்" என்றார்.

"கடைய எடுத்துட்டாங்கன்னா?"

"எடுக்கட்டுமே! எடுக்கறப்ப வீடியோ புடிப்போம். அப்ப பாரு ஸ்டேட்டே அதிரும்."

அவருக்கு என் பலகை வேனில் ஏறினால் லாபம். ஏறாவிட்டால் வருத்தம். அவர் போன பிறகு அடுக்கியிருந்த வளையலையெல்லாம் கலைத்துத் திரும்ப அடுக்கினேன். பயத்தில் இல்லை. எனக்கு என்ன வேண்டும் என்று இரண்டு பேரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

தம்பிக்கு ஃபோன் போட்டேன். பள்ளிக்கூட வாசலில் காத்திருக்கிற நேரம்தான்.

"யக்கா, நான் சொன்னதுல எது பொய்யி? அத்த சொல்லு" என்றான், எடுத்த எடுப்பில்.

"பொய்யின்னு எவன்டா சொன்னது? நீ எங்க கீற, நான் எங்க கீறேன்? அத்த யோசிச்சியா?"

"எவ்ளோ ஜனம் பாத்துகீறாங்க தெரியுமா? அமெரிக்கால இருந்துலாம் சூப்பரு தம்பின்னு போடறாங்க."

"சூப்பரு போட்டவன் ஒருத்தனாச்சும் வந்து என் கட முன்னால நிப்பானா? கேட்டுச் சொல்லு."

"நீங்கள்லாம் இப்டியே பயந்துக்கினு பயந்துக்கினு சாவுங்க."

"ஆமாண்டா, நான் பயந்தாங்கொள்ளி. நீதான் பெரிய தைரியசாலி ஆச்சே. ஒன் பாஸ்போர்ட்ட அந்த அரபி ஏன் வாங்கி பீரோல வெச்சிக்கினான்னு லைவ்ல கேளேன் பாக்கலாம். கேளேன்!"



"அது வேறக்கா" என்றான்.

"இன்னாடா வேற?"

"இங்க பேசுனா மறுநாள் பிளைட்டு ஏத்திடுவாங்க. இல்லன்னா உள்ள."

"இங்க நான் பேசினா வேன்ல ஏத்துவாங்க. அவ்ளோதான் வித்தியாசம்."

வைத்துவிட்டான். வீடியோவை எடுத்துவிடு என்று சொல்ல மறந்துபோனேன். சொல்லியும் பிரயோசனம் இல்லை. எருமை அதற்குள் ஊர் ஊராகப் போய்விட்டது.

என் புருஷன், "கேட்டுட்டுப் போ. ரெண்டு வார்த்தை. கை கூப்பினா கை தேஞ்சிடுமா?" என்றார். அவரையும் குறை சொல்ல மாட்டேன். ஆட்டோ ஸ்டாண்டில் அவரிடமும் இரண்டு பேர் பேசியிருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது.

வியாழக்கிழமை மத்தியானம், நடை சாத்திக் கூட்டம் குறைந்த நேரத்தில் வார்டுக்காரர் வந்தார். கோபுரம் பின்னால் தெரிகிற மாதிரி என்னை நிற்க வைத்தார்கள். ஒரு பையன் ஃபோனைப் பிடித்தான். தேங்காய்க்கார அம்மா தன் கூடையோடு நாலடி தள்ளி உட்கார்ந்திருந்தார். சொல்ல வேண்டியதைத் தெலுங்கில் வாய்ப்பாடு மாதிரி எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். கைகூப்பினேன். 

"என் தம்பி பெரியவரை அப்படிப் பேசியிருக்கக் கூடாது. தப்புதான். மன்னிச்சிடுங்க" என்று தெலுங்கில் சொன்னேன். அதுவரைக்கும் சரி. அதில் எனக்கு மாற்றுக் கருத்தும் இல்லை. ஒரு மனுஷனை எருமை என்பது தப்புதான். அடுத்து சாமி மாதிரி என்று சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன். சைக்கிளில் குடம் கட்டிக்கொண்டு போகிற நைனாதான் கண் முன்னால் வந்தார். "ஆனா டேங்கரு தோப்புக்குத்தான் போவுது" என்று வந்துவிட்டது. "காலனிக்கு வரல. அது பொய்யில்ல. எங்க நைனாவுக்கு வயசாயிடுச்சி, அடுத்த ஊர்ல இருந்து தண்ணி தூக்கிக்கினு வராரு. அவரு கிட்ட யாரு மன்னிப்பு கேப்பாங்க?"

இதைத் தைரியம் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆத்திரம். அடக்கி அடக்கி வைத்தது கட்டு மீறிவிட்டது. சொன்ன அடுத்த நொடியே, போச்சு, பலகை போச்சு என்று உடம்பெல்லாம் வேர்த்தது.

வார்டுக்காரர் கோபப்படவே இல்லை. பையனின் ஃபோனை வாங்கிப் பார்த்தார். "போதும்க்கா. பாக வச்சிந்தி. நல்லா வந்திருக்கு" என்றார். குங்குமம் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு போனார். நான் பைத்தியக்காரி, மனுஷன் மனசு இரங்கிவிட்டது என்று நினைத்தேன். கோபுரத்தைப் பார்த்து அம்மவாரைக் கும்பிட்டேன்.

இருட்டுவதற்குள் வீடியோ எல்லார் ஃபோனிலும் வந்துவிட்டது. சோக மியூசிக், மூலையில் தலைவர் படம். நான் கைகூப்பி நிற்கிறேன். தப்புதான், மன்னிச்சிடுங்க. அடுத்த சொல்லுக்கு நான் வாயைத் திறக்கிறேன், அதோடு முடிகிறது. திறந்த வாயோடு அப்படியே நிற்கிறேன். திரும்ப முதலிலிருந்து ஓடுகிறது, திரும்ப வாயைத் திறக்கிறேன், திரும்ப வெட்டு. தம்பியின் வீடியோவிலும் தண்ணீரைத்தான் வெட்டினார்கள், என்னுடையதிலும் தண்ணீரைத்தான் வெட்டினார்கள். அவன் பக்கம் திட்டு மிஞ்சியது, என் பக்கம் கும்பிடு மிஞ்சியது.

அந்த வீடியோவுக்குக் கீழே என் தம்பியும் எழுதியிருந்தான். தமிழில்தான் எழுதியிருந்தான், அதனால் யாரையும் படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டியிருக்கவில்லை. "இவ என் அக்காவே இல்ல." அதற்குக் கீழே முகம் தெரியாத ஜனம் கைதட்டியிருந்தது.

தேங்காய்க்கார அம்மாவைக் கேட்டேன். "நீ பக்கத்துலதானே இருந்த? நான் சொன்னத முழுசா கேட்டதானே?"

அவர் ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தார். "எல்லாம் விண்ணானம்மா. எல்லாம் கேட்டேன்" என்று மெல்லச் சொன்னார். "என்ன மட்டும் சாட்சிக்கு கூப்புடாத." அவருக்கும் ஒரு கூடை, ஒரு இடம், அதே வார்டுக்காரர். எனக்கு அவர்மேலும் கோபம் வந்தது. நியாயமில்லைதான். வந்தது.

பலகை போகவில்லை. வெள்ளிக்கிழமை நல்ல கூட்டம். ஞாயிற்றுக்கிழமை நைனா ஃபோன் பண்ணினார். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"தண்ணி வந்திச்சும்மா. டேங்கரு நம்ம தெருவுக்கே வந்திச்சி. அவரு படம் போட்ட பேனரு கட்டிக்கினு வந்திச்சி. டிரம்மு ரொப்பிக்கினேன். நீ கேட்டதுக்குத்தான் மனசு எறங்கி வுட்டாருன்னு சொல்றாங்க."

நான் என்ன கேட்டேன் நைனா, என்று கேட்க வாய் வந்தது. டிரம் ரொம்பிய மனுஷனிடம் என்னத்தைச் சொல்வது. "குடி நைனா" என்றேன்.

அவர் வைத்த கொஞ்ச நேரத்தில் தம்பி. அக்காவே இல்லை என்றவன்.

"பாத்தியாக்கா? என் வீடியோவுக்குப் பயந்துதான் தண்ணி வுட்டுகீறான்!"

அப்போதுதான் எனக்கு உண்மையிலேயே ரத்தம் கொதித்தது. நான் பேசியது முழுவதையும் அவனுக்குச் சொன்னேன். டேங்கர், தோப்பு, நைனாவின் குடம், யார் மன்னிப்பு கேட்பார்கள் என்று கேட்டது, எல்லாம். 

"நெஜமாவா சொன்ன?"

"பின்ன?"

"யக்கா..." என்றான். அழப்போகிறான் என்று நினைத்தேன். "இரு, இரு. வைக்காத. ரெக்கார்டு போடறேன். அதே மாதிரி மொதல்லர்ந்து சொல்லு. கொஞ்சம் தழுதழுத்தாப்ல சொன்னின்னா நல்லா இருக்கும்."

"பசங்களுக்கு ஸ்கூலு வுட்டுருக்கும். போய் வேலையப் பாருடா" என்று கட் பண்ணினேன். மறுபடி மறுபடி அடித்தான். எடுக்கவில்லை.

பலகை முன்னால் ஓர் அம்மா நின்றிருந்தார். வேலூர்ப் பக்கம் என்று பேச்சில் தெரிந்தது. பச்சை வளையல் கேட்டார். அளவு பார்க்கக் கையைப் பிடித்தேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், "அந்த வீடியோல அழுதுக்கினே மன்னிப்பு கேட்டது நீங்கதானே?" என்றார்.

"அழல" என்றேன். முதல் வளையலை விரல் முட்டிவரைக்கும் ஏற்றினேன். வளையல் போட்டு முடிக்கும்வரை யாரும் கையை இழுத்துக்கொண்டு போய்விட முடியாது. "மீதி ஒண்ணு கீது, கேளுங்க" என்று டேங்கரிலிருந்து ஆரம்பித்தேன். இரண்டாவது வளையல், மூன்றாவது வளையல். தோப்பு, குடம், நைனா. குரல் ஏறிவிட்டது போல, தேங்காய்க்கார அம்மா இங்கே திரும்பிப் பார்த்தார். நான் நிறுத்தவில்லை.

"சொல்லும்மா, கேக்கறேன்" என்றார் அந்த அம்மா. "கைய மட்டும் மெதுவா புடி. வலிக்குது."